ஏழில் நான்கு போனால்

12-1-1987, திங்கள்

யாரோ என் கம்ப்யூட்டர் மிஷினைத் தொட்டிருக்கிறார்கள்.

காலை எட்டு மணிக்கு உறையை எடுத்து, சுவிட்சைப் போட்டு, வழக்கம்போல முதல் வேலையாக ‘மாத்து’வை ஓட்டினேன். பிறகு நர்சிங் ஹோம் ப்ரோக்ராமைத் திறந்தால் பளீரென்று வெள்ளை. கறுப்பாக அல்லவா வந்திருக்க வேண்டும்? இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை எனக்கு நானே தெளிவாக எழுதி வைத்துக்கொள்கிறேன். பிறகு யாராவது ‘நீங்களாகக் கற்பனை செய்கிறீர்கள்’ என்று சொல்லக் கூடாது. எங்கள் முதலாளி பரக்கத் அலி சார் நர்சிங் ஹோம் டாக்டரிடம் கொடுத்த வாக்கு: திரை காகிதம் மாதிரி இருக்கும், வெள்ளைத் தரையில் கறுப்பு எழுத்து, நோயாளிக்கு ஆகாத மருந்து மட்டும் சிவப்பில். எனக்கோ ஒரு வருஷமாக வெள்ளை ஆகவில்லை. எழுத்தெல்லாம் மார்கழிப் பனிக்குள் போய்விடுகிறது. கறுப்பில் வெள்ளை எழுத்து என்றால் நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் ‘மாத்து’ எழுதினேன். மிஷினில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண். கறுப்பு பூஜ்யம், வெள்ளை ஏழு. எந்த எண்ணாக இருந்தாலும் ஏழிலிருந்து கழித்தால் அதன் எதிர் நிறம் வந்துவிடும். ஒரு தடவை ஓட்டினால் திரும்பும், இன்னொரு தடவை ஓட்டினால் பழையபடி ஆகும், மிஷினை நிறுத்திப் போட்டாலும் கடைசியில் வைத்தபடியே இருக்கும். ஓடியதற்கு அடையாளமாகத் திரையில் ஓர் எழுத்துகூட வராது, ப்ரோக்ராமைத் திறந்தால்தான் நிறம் தெரியும். அப்படித்தான் வேண்டுமென்று எழுதினேன்.

எட்டு மணிக்கு ஒரு தடவை, ஒரு மணிக்குக் கிளம்பும்போது ஒரு தடவை. இரண்டு மணிக்கு அதே நாற்காலிக்கு வரும் தைரியராஜுக்கு வெள்ளைத் திரைதான் தெரியும். மூன்று மாதமாக இப்படித்தான் போகிறது.

எனக்குப் பிறகு உட்காருகிறவர் அவர் ஒருவர்தான்.

13-1-1987

இன்றும் அப்படியே.

16-1-1987, வெள்ளி

பொங்கல் லீவு முடிந்து தில்லைநகர் ஆபீசுக்குப் போனால், சார் மாடிப்படியில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். “முன்னாடி இருந்த பொண்ணு கண்ணு வலின்னுச்சு. நிறுத்திட்டேன். இந்த ரூம்ல கண்ணுதாங்க மூலதனம்.” என்னைப் பார்த்ததும் குரல் தணிந்தது. தற்செயலா? அல்லது எனக்காகவே சத்தமாகச் சொன்னாரா?

அம்மா கேட்டாள், “ஏண்டி லூர்து, பல்பைப் பாத்தா மூஞ்சியைச் சுளிக்கிற?” தலைவலி என்றேன். எட்டு வருஷமாக மூச்சு இழுப்புக்கு அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறேன். கடையில் கேட்டாலே கொடுப்பார்கள். இப்போது கண்ணுக்கும் ஏதாவது என்றால் என்ன செய்ய? கண் டாக்டரிடம் போக மாட்டேன். போனால் ஒரு பெயர் வைப்பார். பெயர் வைத்துவிட்டால் அது சாருக்குத் தெரியாமல் இருக்காது. இந்த வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான்.

19-1-1987, திங்கள்

தைரியராஜ் இன்று நான் கிளம்பும் முன்பே வந்துவிட்டார். அவருக்கு என்ன தெரியும் என்று ஆழம் பார்த்தேன். சாதாரணமாகக் கேட்பதுபோல, “எதிர் நிறம்னு சொல்றாங்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்றேன்.

இவர் பாலக்கரையில் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். பழைய பிரிண்ட் தாளின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, ஆறு நிறத்தைச் சுற்றி எழுதினார். “நேரா எதுத்தாப்ல இருக்கறது எதிர் நிறம். சிவப்புக்குப் பச்சைங்க, மேடம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “இந்த மிஷின்ல சிவப்பு நாலு. ஏழுல நாலு போனா மூணு. மூணுன்னா மயில் கழுத்து நிறம். பச்சை எங்கேர்ந்து வரும்?”

“அது வெளிச்சத்துக்கு. இது பெயிண்டுக்கு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “எதிர்னா எதுக்கு எதிர்ங்க? நிறமே மாறணுமா? இல்ல, இருட்டும் வெளிச்சமும் மட்டும் இடம் மாறினாப் போதுமா?”

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பிறகு அவர் கேட்டார்: “எதுக்குக் கேக்குறீங்க?”

எதற்குக் கேட்கிறேன் என்று ஏன் கேட்க வேண்டும்? ஆழம் பார்க்கப் போனது நான், பார்த்தது அவர். மதியம் பஸ் ஸ்டாப்பில் வெயில் சுள்ளென்று இருந்தது. வந்த பஸ்ஸின் நம்பர் தெரியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர்தான், டீ கிளாஸோடு. “மேலப்புதூர் போற பஸ்தான், ஏறுங்க” என்றார். நான் எங்கே போகிறேன் என்பதெல்லாம் இவருக்குத் தெரிந்திருக்கிறது.

23-1-1987, வெள்ளி

பொறி வைத்துவிட்டேன். ‘மாத்து’ ஓடும்போதெல்லாம் மிஷினுக்குள் ஒரு மூலையில் ஓர் எண் ஒன்று கூடும்படி செய்திருக்கிறேன். யாருக்கும் கண்ணில் படாது. பொறி வைத்த பிறகு நான் ஓட்டியது, காலையில் வெள்ளையைக் கறுப்பாக்க ஒன்று, மதியம் ஒன்று. நாளைக் காலை அது இரண்டாக இருந்தால் நான் பைத்தியம்.

24-1-1987, சனி

மூன்று!

சாயங்காலம் போவதற்கு முன்னால் அவர் ஓட்டுகிறார். ஏன்? என் ரகசியம் தெரிந்துவிட்டது என்று எனக்குக் காட்டவா? நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல் இப்படி முள் வைக்கிறாரா? கேட்டால், “எதுக்கு மேடம் மாத்துறீங்க?” என்று திருப்பிக் கேட்பார். கண்ணைப் பற்றிச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதுவும் அவருக்குத் தெரியும்.

2-2-1987, திங்கள்

ஒரு வாரமாகக் காலையில் நான் ‘மாத்து’வைத் தொடுவதில்லை. திறந்தாலே கறுப்பாக இருக்கிறது. ஒரு மணிக்கு நான் வெள்ளையாக்குகிறேன், சாயங்காலம் அவர் கறுப்பாக்கிவிட்டுப் போகிறார். ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் இதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

எனக்கு ஒரு வேலை மிச்சம். அதுதான் பயமாக இருக்கிறது. சும்மா யாராவது செய்வார்களா? என்றைக்காவது சாரைக் கூட்டி வந்து, “பாருங்க சார், காலைல இந்தம்மாவுக்கு எப்படி இருக்குன்னு” என்று காட்டத்தான் ஆதாரம் சேர்த்து வைக்கிறார். இந்த நர்சிங் ஹோம் ஆர்டர் கிடைக்காவிட்டால் கலர் மிஷினையே விற்றுவிடுவேன் என்று சார் சொல்லியிருக்கிறார். மிஷின் போனால் எங்கள் இரண்டு பேரில் ஒருவர்தான் இருக்க முடியும். கணக்கு எனக்கும் வரும், தைரியராஜ்.

10-2-1987

இன்று மேகமூட்டம். பஸ் நம்பர் தூரத்திலிருந்தே தெரிந்தது. யாரிடமும் கேட்கவில்லை.

14-2-1987, சனி

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நாலு மணிக்கு டாக்டர் அமிர்தசாமிக்குக் காட்டுவதாக ஏற்பாடு. காலையெல்லாம் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வரலாமென்று பன்னிரண்டு மணிக்கே கிளம்பினேன். கிளம்பும் முன் ‘மாத்து’வை ஓட்டி, ப்ரோக்ராமைத் திறந்தும் பார்த்தேன். வெள்ளைத் தரை, கறுப்பு எழுத்து, சிவப்பு சிவப்பாக. சத்தியமாகப் பார்த்தேன். பிறகு மிஷினை நிறுத்தி உறை போட்டேன்.

நாலு மணிக்கு நான் படியேறும்போது சார், டாக்டர், நர்ஸ் கமர் ஜஹான் மூவரும் உட்கார்ந்தாகிவிட்டது. தைரியராஜ் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சார் தன் கையாலேயே ப்ரோக்ராமைத் திறந்தார்.

கறுப்பு.

“காகிதம் மாதிரின்னு சொன்னீங்க?” என்றார் டாக்டர். சார் சிரித்துச் சமாளித்து ஒரு நோயாளியின் பக்கத்தைக் கொண்டுவந்தார். பென்சிலின் ஆகாது என்ற வரி மயில் கழுத்து நிறத்தில் அழகாக, சாந்தமாக நின்றது. டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பி, “இதுல ஆபத்து எதும்மா?” என்றார். அந்தப் பெண் மேலும் கீழும் தேடிவிட்டுச் சொன்னாள்: “சிவப்பா இருக்கும்னு சொன்னாங்க டாக்டர். இதுல சிவப்பே இல்லீங்களே.”

“ஊசி போட்டதுக்கு அப்புறம் தேடக் கூடாதுல்ல?” என்று டாக்டர் எழுந்துவிட்டார். மே மாதம் வேறு ஒரு கம்பெனியும் தன் ப்ரோக்ராமைக் காட்டப் போகிறதாம், அப்போது வேண்டுமானால் மறுபடி பார்க்கிறேன் என்றார்.

அவர்கள் போனதும் சார் எங்கள் இருவரையும் பார்த்தார். “யாரு?”

நான் சொல்லிவிட்டேன். “பன்னெண்டு மணிக்கு எல்லாம் சரியா வச்சுட்டுத்தான் சார் போனேன். அதுக்கப்புறம் தொட்டது இவர்தான்.”

பொய்யா? ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

“நீங்க தொட்டீங்களா?” என்று கேட்டார் சார். “ஆமா சார்” என்றார் தைரியராஜ். ஏன் என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். குற்றம் இல்லாதவன் இப்படி நிற்பானா?

16-2-1987, திங்கள்

தைரியராஜை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே சார் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ரிப்பன் மாற்றுகிற வேலை. கம்ப்யூட்டர் பக்கம் வரக் கூடாதாம்.

ஜெயித்துவிட்டேன் என்று எழுத வந்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

17-2-1987

எட்டு மணிக்குத் திறந்தேன். வெள்ளை. நானே ஓட்டிக்கொண்டேன்.

4-3-1987, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வரிசையில் நின்று ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கூட வேலை பார்க்கிறவரைச் சந்தேகப்பட்டேன், ஆனால் காரணத்தோடுதான் சந்தேகப்பட்டேன் என்றேன். ஃபாதர் ஒன்றுதான் கேட்டார்: “அவர்கிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?”

கேட்டால் என் கண்ணைப் பற்றி நான் சொல்ல வேண்டும் ஃபாதர். இதை அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

7-3-1987, சனி

இப்போது இரண்டு வேளையும் நான்தான். அவருடைய பிளாப்பியை எடுத்துத் துழாவினேன். ஏதாவது ஆதாரம் கிடைக்கும், ஃபாதருக்காவது பதில் சொல்லலாம் என்றுதான் துழாவினேன். வெட்கமாக இல்லை, அந்த நேரத்தில்.

‘மாத்து2’ என்று ஒன்று இருந்தது.

என்னுடையதைத் திருடியிருக்கிறான் பார் என்று திறந்தேன். திருட்டு இல்லை. கழித்தலே இல்லை அதில். ஏழிலிருந்து கழிப்பதற்குப் பதிலாக ஒரு பட்டியல். வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். சிவப்பு சிவப்பாகவே இருக்கும். ஆனால் அதே சிவப்பு இல்லை. கறுப்புத் தரையில் நாலாம் எண் சிவப்பு மங்கி அடியில் போய்விடும் என்று, நான் தொடாத ஏழுக்கு மேற்பட்ட எண்களிலிருந்து எடுத்து, அதைப் பன்னிரண்டாம் எண்ணாக, பளிச்சென்ற சிவப்பாக மாற்றியிருக்கிறார். நீலத்துக்கும் அப்படியே, கறுப்பில் தெரிகிற வெளுத்த நீலம். இருட்டும் வெளிச்சமும் இடம் மாறுகின்றன, நிறத்தின் பெயர் மாறவில்லை. அன்று அந்த வட்டத்தை வைத்துக்கொண்டு அவர் கேட்டது இதைத்தான். நான் சிரித்தேன்.

நடுவில் மூன்று குறிப்பு வரிகள், ஆங்கில எழுத்தில் தமிழ்:

‘மேடத்துக்கு வெள்ளை ஆகாது. கேக்க வேண்டாம், சங்கடப்படுவாங்க.’

‘சாயங்காலமே கறுப்பாக்கி வச்சுட்டுப் போகணும். காலைல கண்ணு கூசும்.’

‘ஏழுல கழிச்சா சிவப்பு போயிடுது. ஆபத்து. டாக்டர் வர்றதுக்குள்ள இதை முடிக்கணும்.’

தேதி பிப்ரவரி 12.

அய்யோ. நான் என்ன பண்ணிட்டேன்? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அந்த மனுஷன்? எப்படிச் சொல்லுவார்? சார் முன்னாடி, இந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலன்னா? அதுக்குத்தான் வாயை மூடிட்டு நின்னாரா? நான் அதையும் குற்றம்னு எழுதி வச்சிருக்கேன், மேல, இதே நோட்டுல.

9-3-1987, திங்கள்

லீவு சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் போனேன். புதுக் கோபுரத்தின் கும்பாபிஷேகம் நெருங்குகிறது. பஸ்ஸில் நிற்க இடமில்லை, காவேரிப் பாலம் முழுக்க ஜனம்.

விரல் முழுக்க மையோடு ரிப்பன் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. “பிளாப்பியைப் பாத்தேன்” என்றேன்.

“அனுமதி கேட்டுட்டா பாத்தீங்க?”

இல்லை என்றேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். “தீபாவளிலேர்ந்து. வெயில் அடிச்சா பஸ் நம்பர் கேப்பீங்க. மழை நாள்ல கேக்க மாட்டீங்க.”

“அன்னிக்கு என்னதான் ஆச்சு?”

“பதினொண்ணரைக்கு ஆபீஸ் பக்கம் வந்தவன் எட்டிப் பாத்தேன், கறுப்பா இருந்துச்சு. நீங்க பன்னெண்டுக்கே போயிட்டீங்க. அவசரத்துல மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். ரெண்டு மணிக்கு வந்தா கரண்ட் இல்ல. மூணே முக்காலுக்குத்தான் வந்துச்சு, சாரும் டாக்டரும் படியேறிட்டு இருந்தாங்க. திறந்து பாக்க நேரமில்ல. மாத்துவை ஓட்டிட்டேன்.”

நான் திருப்பி வைத்ததை அவர் திருப்பியிருக்கிறார், என்னைக் காப்பாற்ற. ஒரு தடவை ஓடினால் கறுப்பா வெள்ளையா என்று திரையில் காட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். யாருக்கும் தெரியக் கூடாதென்று அந்த வரியை எழுதாமல் விட்டவள் நான்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் ரிப்பனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ரெண்டு மாசமா என்னைத் திருடனைப் பாக்குற மாதிரி பாத்தீங்க. நான் செஞ்சதைத் தப்பா எடுத்துக்கிட்டீங்கன்னு தெரியும். ஆனா சார் முன்னாடி சொல்லுவீங்கன்னு நினைக்கல.” பிறகு, “போயிட்டு வாங்க மேடம், வெயில் ஏறப் போகுது.”

வெயில் ஏறிவிட்டிருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸை மூன்று பேரிடம் கேட்டு ஏறினேன்.

10-3-1987, செவ்வாய்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘மாத்து’, எண்ணிப் பார்த்த பொறி, மாத்திரை, கண். முந்தின பெண்ணை நிறுத்தியது போல என்னையும் நிறுத்துங்கள், ஆனால் அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்.

சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு வெடித்தார். “ஏம்மா, டாக்டர்கிட்டயே ப்ரோக்ராம் விக்கப் போறோம், நீங்க ஒரு டாக்டரைப் பாக்கலியா? யா அல்லாஹ்! முதல்ல கண்ணைக் காட்டிட்டு வாங்க. அப்புறம் நிறுத்துறேனா வைக்கிறேனான்னு பேசுவோம்.”

இதிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இந்தப் புத்தி எப்போது போகும்?

13-3-1987

புரை. முப்பத்துமூன்று வயதில். அந்த வெள்ளை மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்றார் கண் டாக்டர். அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாதாம், நெஞ்சு டாக்டரைப் பார்த்து மெல்லக் குறைக்க வேண்டுமாம். ஆபரேஷன் செய்தால் தெரியும். ஒரு வருஷம் பயந்தது இதற்கா?

19-4-1987, ஈஸ்டர்

வலது கண் ஆறி வருகிறது. பூசையில் பீடத்து வெள்ளைத் துணியைப் பார்த்தேன். பனி இல்லை. இடது கண்ணால் பார்த்தால் அதே துணி டீ சிந்தியது போலப் பழுப்பாக இருக்கிறது. இத்தனை நாள் அதைத்தான் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அழுதாள்.

4-5-1987, திங்கள்

தடித்த கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பினேன். சார் வைத்துக்கொண்டார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தைரியராஜும் வந்துவிட்டார். வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை இல்லை. நியாயம்தான்.

அவருடைய ‘மாத்து2’வைத்தான் இனி வைத்துக்கொள்ளப் போகிறோம். ஓடினால் எந்த நிறம் என்று திரையில் சொல்லும், அந்த வரியை நான் சேர்த்தேன். மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டும் மாட்டியிருக்கிறேன். யார் மாற்றினாலும் எழுத வேண்டும்: கறுப்பா வெள்ளையா, எத்தனை மணி, யார். தினமும் எழுதுகிறேன். தினமும் அவர் வந்து சிலேட்டைப் படித்துவிட்டு, பிறகு தானும் திறந்து பார்க்கிறார். நான் எழுதியது சரிதானா என்று.

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

18-5-1987, திங்கள்

டாக்டர் அமிர்தசாமி நாலு மணிக்கு வந்தார். அதே நர்ஸ். பன்னிரண்டு மணிக்குச் சிலேட்டில் எழுதி வைத்திருந்தேன்: ‘வெள்ளை. மாற்றியது லூர்துராணி.’ தைரியராஜ் வருவதற்குள் ஒன்றரை மணிக்கே கரண்ட் போனது. திரும்பி வந்தபோது டாக்டரும் நர்ஸும் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

சார் பதறிப்போய், “தைரியராஜ், ஒரு தடவை திறந்து பாத்துடுங்க” என்றார்.

தைரியராஜ் சிலேட்டைப் பார்த்தார். “வேணாம் சார். அவங்க எழுதியிருக்காங்க.”

எனக்குத்தான் நான் எழுதியது சரிதானா என்று சந்தேகம். ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாமா என்று நினைத்தேன். பார்க்கவில்லை.